நீல மூடிக்குள் பத்து லிட்டர்

டென்மார்க்கின் ஈ45 நெடுஞ்சாலையில், ஹிர்ட்ஷால்ஸ் துறைமுகத்துக்கு இன்னும் 200 கிலோமீட்டர் இருந்தபோது, எங்கள் மோட்டார்ஹோமின் முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்து, அதன் கீழே "ஆட்ப்ளூ நிரப்பவும், மீதம் 2400 கி.மீ." என்ற பொருளில் ஜெர்மன் வாசகம் ஓடியது. ஆட்ப்ளூ, டீசல் புகையைச் சுத்தம் செய்யத் தனித் தொட்டியில் ஊற்றும் திரவம். பக்கத்து இருக்கையிலிருந்த மனைவி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "2400 கிலோமீட்டர் என்றால் கன்னியாகுமரியிலிருந்து டெல்லியைத் தொட வருகிற தூரம், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தேன். அன்று அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியை ஒதுக்கியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அப்படிச் செய்யாததனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் இதைக் கேரவன் என்றால்தான் புரியும். ஆனால் கேரவன் என்றாலே நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டி என்று ஆகிவிட்டதனால், நான் இதை வாங்கிய செய்தி ஊருக்குப் போனபோது அம்மாவிடம் பக்கத்து வீட்டுக்காரர்கள் எந்தப் படத்துக்கு என்று விசாரித்தார்களாம். வட ஜெர்மனியில் இரண்டாம் கையாக வாங்கிய, மூன்றரை டன் எடையுள்ள, வேன் அடித்தளத்தின்மேல் வீடு கட்டிய வண்டி. அக்டோபர் முதல் மே வரை சும்மா நிற்கும்; கோடையில் ஆறு வாரம் ஓயாமல் ஓடும். இந்த ஓட்டமும் ஓய்வும்தான் ஆட்ப்ளூ விஷயத்தில் மோட்டார்ஹோமை லாரியிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

ஆட்ப்ளூ என்பது ஜெர்மன் வாகனத் தொழில் சங்கம் பதிவு செய்து வைத்திருக்கும் வணிகப் பெயர். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அதை டிஇஎஃப் (டீசல் எக்ஸாஸ்ட் ஃப்ளூயிட்) என்பார்கள். நம் லாரிக்காரர்கள் அதை வெறுமனே யூரியா என்றே சொல்லிவிடுவதும் உண்டு. அவர்கள் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஏனென்றால் எடையில் 32.5 சதவீதம் யூரியாவும் மீதி கனிமம் நீக்கிய தண்ணீரும் கலந்ததுதான் அந்தத் திரவம். பெயரில் நீலம் இருக்கிறதே தவிர, தண்ணீரைப்போல நிறமற்றது. டீசல் எஞ்சினுக்குள் இது போவதில்லை. எஞ்சினைத் தாண்டிப் புகைக்குழாயில் பீய்ச்சப்பட்டு, அங்குள்ள வெப்பத்தில் அம்மோனியாவாகப் பிரிந்து, வினையூக்கிமேல் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து, அவற்றைச் சாதாரண நைட்ரஜன் வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. யூரோ 5 என்ற ஐரோப்பியப் புகை விதிகளில் பெரிய வேன்களுக்குக் கிலோமீட்டருக்கு 280 மில்லிகிராம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை யூரோ 6 விதிகள் 125 ஆக இறக்கின. அதற்குப் பிறகு இந்தத் தொட்டி இல்லாத புதிய டீசல் வேன் கிடைப்பது அரிதாகிவிட்டது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 புகை விதிகள் வந்தபோது லாரிகளுக்கும் இதே கதைதான்.

ஹிர்ட்ஷால்ஸில் கப்பலேறி நார்வேயின் லார்விக்கில் இறங்கினோம். அங்கிருந்து ஓரிரு மணி நேரத் தொலைவில் நூட்டோடன் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1905-இல் நிறுவப்பட்ட நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம், கிறிஸ்டியன் பிர்க்லாண்டும் சாம் ஐடேவும் கண்ட முறைப்படி, அருவிகளிலிருந்து எடுத்த மின்சாரத்தால் பெரிய மின்வில்லை, அதாவது காற்றில் விடாமல் பாயும் மின்பொறியை, உண்டாக்கி, அதன் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வலுக்கட்டாயமாகச் சேர்த்து உரம் செய்யத் தொடங்கிய இடம் அது. அந்தத் தொழில் வளாகங்கள் 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கிடந்த பழைய உலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: அந்த மின்வில்லுக்குள் வேண்டுமென்றே நடத்தப்பட்ட வினைதான் என் டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் வேண்டாத விருந்தாளியாக நடக்கிறது. அன்று நைட்ரஜன் ஆக்சைடைச் செய்து உரமாக்கினார்கள். இன்று உரத்தைக் கரைத்து ஊற்றி நைட்ரஜன் ஆக்சைடைக் கலைக்கிறோம். இவ்வளவையும் யோசித்தேன், ஆனால் வாசலில் நின்ற என் வண்டியின் தொட்டியில் அந்த உரம் தீர்ந்துகொண்டிருப்பதை மட்டும் யோசிக்கவில்லை.

என் அப்பா காவிரிக் கடைமடையில் நெல் பயிரிட்டவர். எங்கள் வீட்டுத் திண்ணையில் யூரியா மூட்டை எப்போதும் இருக்கும், அதன்மேல் உட்காரக் கூடாது என்று திட்டும் விழும். அப்படி வளர்ந்தவனுக்கு, யூரியாவைத் தண்ணீரில் கரைத்தால் ஆட்ப்ளூ ஆகிவிடுமே, லிட்டருக்கு இவ்வளவு விலை எதற்கு என்ற எண்ணம் வராமல் இருக்காது. செய்யக் கூடாது. இந்தியாவில் விற்கும் மானிய யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூச்சு உண்டு. அது இல்லாத உர யூரியாவிலும் பையூரெட் என்ற துணைப்பொருள் ஒரு சதவீதம்போல இருக்கும்; ஐஎஸ்ஓ 22241 தரம் ஆட்ப்ளூவில் அதற்கு 0.3 சதவீதத்துக்கு மேல் இடம் தருவதில்லை. குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பும் வினையூக்கிக்கு விஷம். கேனில் அந்தத் தர எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதோடு நம் வேளாண் அறிவை நிறுத்திக்கொள்வது நல்லது.

மலைச்சாலைகளைச் சுற்றி வந்து ஸ்டெய்ன்ஷேரை அடைந்தபோது பலகையில் மீதம் 700 என்றிருந்தது. ஓட்டிய தூரத்தைக் கழித்தால் 900-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த எண் சாலைத் தூரத்தை எண்ணுவதில்லை. அண்மையில் எவ்வளவு திரவம் செலவானது என்பதைக் கொண்டு மீதியை மதிப்பிடுகிறது. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் வண்டி டீசலையும் அதிகம் குடிக்கும், ஆட்ப்ளூவையும் அதிகம் குடிக்கும். சமவெளியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டருக்குள் அடங்கும் எங்கள் வண்டி அந்த வாரத்தில் இரண்டரையைத் தாண்டியிருக்க வேண்டும்.

ஸ்டெய்ன்ஷேரிலிருந்து பூடோவரை கடலோரமாகவே போகும் 17-ஆம் எண் சாலையைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்திருந்தோம். ஏறத்தாழ 650 கிலோமீட்டர், இடையில் ஆறு படகுப் பயணங்கள். ஹோல்ம் துறையில் முதல் படகில் ஏறியதும், ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்த ஊழியர் விரலைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டி எஞ்சினை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். அணைத்த பிறகுதான் கையேட்டில் எப்போதோ படித்த வரி நினைவுக்கு வந்தது: மீதம் பூஜ்யத்தைத் தொட்டபின் எஞ்சினை நிறுத்தினால், மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

இதைப் பலர் இயந்திரக் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆட்ப்ளூ இல்லாமலும் டீசல் எஞ்சின் ஓடும். அதற்கு ஒரு கேடும் வராது. அதை ஓடவிடாமல் தடுப்பது சட்டம். ஐரோப்பிய விதிகளின்படி, குறைந்தது 2400 கிலோமீட்டருக்கு முன்பாகவே எச்சரிக்கை தொடங்க வேண்டும்; தொட்டி காலியானால் வண்டியைப் பயன்படுத்த முடியாதபடி ஏதேனும் ஒரு தடை இருக்க வேண்டும். மறுபடி ஸ்டார்ட் ஆக விடாமல் செய்வது அவற்றில் ஒன்று, வேகத்தைக் கட்டுப்படுத்துவது இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சாலை நடுவில் நின்றுவிடாது. நிறுத்திய வண்டிதான் கிளம்பாது. நெடுஞ்சாலையில் போகிறவனுக்கு இது பெரிய ஆறுதல். ஒரு நாளில் மூன்று முறை படகின் வயிற்றுக்குள் எஞ்சினை அணைக்க வேண்டியவனுக்கு இதில் ஆறுதல் ஏதுமில்லை. பின்னால் நாற்பது வண்டிகள் இறங்கக் காத்திருக்கும்போது நடுவில் அசையாமல் நிற்கும் வெள்ளை மோட்டார்ஹோமை நான் அன்றிரவு பலமுறை கற்பனை செய்து பார்த்தேன்.

புரோன்னேசுண்ட் வந்தபோது பலகையில் 410. பூடோவுக்கு மீதியிருந்த சாலையும் ஏறத்தாழ அதே தூரம், ஐந்து படகுகளோடு. ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணி, வெளிச்சம் மட்டும் நம்மூர் மாலை ஐந்து மணிபோல. ஊழியர் யாருமற்ற பங்கில், லாரிகளுக்கான வரிசையில், ஆட்ப்ளூ பம்ப் ஒன்று தனியாக நின்றது. அட்டையைச் செருகி, குழாய் முனையை எங்கள் வண்டியின் வாயில் நுழைத்து, பிடியை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. எடுத்து மறுபடி நுழைத்தேன், திருப்பி நுழைத்தேன், சாய்த்து நுழைத்தேன். பம்பின் எண் பூஜ்யத்திலேயே நின்றது.

ஓஸ்லோவில் லாரி ஓட்டும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அந்த நேரத்திலும் விழித்திருப்பார் என்று அழைத்தேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "லொறிப் பம்பில மினக்கெடாதேங்கோ அண்ணை. அது காந்தம் இருந்தால்தான் திறக்கும். திறந்தாலும் உங்கட சின்ன டேங்குக்கு அந்த வேகம் தாங்காது, முகத்திலதான் அடிக்கும். விடிய கான் வாங்கி ஊத்துங்கோ." லாரித் தொட்டியின் வாயில் வளையக் காந்தம் ஒன்று உண்டு. குழாய் முனைக்குள் இருக்கும் அடைப்பான் அந்தக் காந்தத்தை உணர்ந்தால்தான் திறக்கும். டீசல் தொட்டிக்குள் யாரும் தவறிப்போய் ஆட்ப்ளூவை அடித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆட்ப்ளூ முனையின் விட்டம் 19 மில்லிமீட்டர். டீசல் முனை அதைவிடப் பருமன் என்பதனால் எதிர்த்திசைத் தவறும் எளிதில் நடக்காது. லாரிப் பம்ப் நிமிடத்துக்கு 40 லிட்டர்வரை தள்ளக்கூடியது. எங்கள் தொட்டி மொத்தமே இருபதுக்குள். பல நாடுகளில் கார்களுக்கென்று வேகம் குறைந்த ஆட்ப்ளூ பம்புகளும் இப்போது வந்துவிட்டன. கிடைத்தால் அதுதான் மலிவு, பிளாஸ்டிக் குப்பையும் மிச்சம்.

மறுநாள் காலை பங்கின் கடை திறந்ததும் பத்து லிட்டர் கேன் வாங்கினேன். பம்ப் விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பெட்டியின் பக்கவாட்டில் வளையும் குழாய் ஒன்றை மடித்து ஒட்டியிருந்தார்கள். அது இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், இல்லாவிட்டால் கேன் இருந்தும் பயனில்லை. தண்ணீரைவிடச் சற்று அடர்த்தியானதால் பத்து லிட்டர் ஏறக்குறைய பதினொரு கிலோ எடை. எங்கள் வண்டியில் நிரப்பும் வாய் முழங்கால் உயரத்துக்கும் கீழே இருக்கிறது. சரளைக்கல்மேல் மண்டியிட்டு, கேனை மார்போடு அணைத்து, குழாயை வாயில் திருகிப் பொருத்திச் சாய்க்க வேண்டும். நீல மூடியைத் திறந்தவுடன் உஸ்ஸென்ற சத்தத்தோடு மாட்டுக்கொட்டகையின் காரநெடி மூக்கில் ஏறியது. கேன் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுக் குடித்தது; ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் வயிறு உள்ளே ஒடுங்கிப் பின் படாரென்று உப்பியது.

மூன்று லிட்டர்போல ஊற்றியதும் நிறுத்தினேன். மீதியைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற சிக்கன புத்தி. சாவியைத் திருப்பிப் பார்த்தால் பலகையில் அதே எச்சரிக்கை, அதே எண். மனைவி அதற்குள் கையேட்டைப் பிரித்து வைத்திருந்தார். "குறைந்தது 5 லிட்டர் ஊற்றினால்தான் உணரி ஏற்றுக்கொள்ளுமாம். நீங்கள் ஊற்றியதை அது ஊற்றியதாகவே நினைக்கவில்லை" என்றார். மீண்டும் மண்டியிட்டு மீதி ஏழு லிட்டரையும் ஊற்றினேன். அப்போதும் எண் மாறவில்லை. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்துச் சற்று நேரம் காத்திருந்து, பிறகு சில கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்று அடுத்த பத்தியில் இருந்தது. ஹோர்ன் படகுத்துறைக்கு முன்னால், ஒரு வளைவில், விளக்குத் தானாகவே அணைந்தது. அன்று எனக்கு அந்த மஞ்சள் விளக்கு இல்லாத இருட்டுப் பலகையைவிட அழகான காட்சி நார்வேயில் இருக்கவில்லை. வெளியே ஏழு சகோதரிகள் மலைத்தொடர் தெரியத் தொடங்கியிருந்தது என்று மனைவி பிற்பாடு சொன்னார்.

கணக்குப் போட்டால் வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து வட நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 5500 கிலோமீட்டர். அதற்குத் தேவை பன்னிரண்டு லிட்டருக்குள். புறப்படும் முன் வீட்டு வாசலில் ஒரு கேன் ஊற்றியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நிரப்பும் வாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரைவிட மோட்டார்ஹோமில் ஆபத்து அதிகம். இதில் மூன்று வாய்கள் உண்டு: டீசலுக்கு ஒன்று, ஆட்ப்ளூவுக்கு ஒன்று, குடிநீர்த் தொட்டிக்கு ஒன்று. எங்கள் வண்டியில் ஆட்ப்ளூ மூடியும் நீலம், தண்ணீர் மூடியும் நீலம். முகாமில் மாலை நேரத்தில் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வருகிறவருக்கு நீலம் என்றால் தண்ணீர் என்று தோன்றுவதில் குற்றமில்லை. ஆட்ப்ளூ தொட்டியில் குழாய்த் தண்ணீர் சேர்ந்தால் கலவை கெட்டு, வினையூக்கியும் பாழாகும். டீசல் தொட்டியில் ஆட்ப்ளூ விழுந்தால் அதைவிட மோசம்: டீசலோடு அது கலக்காது, பம்பிலும் ஊசித்துளைகளிலும் படிகமாக உறைந்து ஆயிரக்கணக்கான யூரோ செலவு வைக்கும். ஊற்றிவிட்டோம் என்று தெரிந்தால் சாவியைத் தொடவே கூடாது. ஸ்டார்ட் செய்யாதவரை தொட்டியைக் காலிசெய்து கழுவுவதோடு பெரும்பாலும் போய்விடும். இந்தப் பயத்தில் நான் மூன்று மூடிகளின்மேலும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: டீசல், தண்ணீர், யூரியா. எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் அது பயன்படாது. ஆனால் நிரப்புகிறவர்களும் நாங்கள் மட்டும்தானே.

சிந்தினால் என்ன ஆகும் என்பதை அந்தப் பயணத்திலேயே பார்த்தேன். கதவின் கீழ்ப்பட்டையில் வழிந்திருந்த நாலைந்து துளிகள் மறுநாள் காலையில் வெள்ளை வெளேரென்று ஊசிப் பூக்களாகப் பூத்திருந்தன. தொட்டால் நறநறத்தது. விரலில் எடுத்துப் பார்த்தபோது எங்கள் வீட்டுத் திண்ணை மூட்டையின் ஓரத்தில் ஈரம் பட்டு இறுகியிருக்கும் யூரியாதான் அது. வெந்நீர் ஊற்றினால் கரைந்து ஓடிவிடும்; விட்டுவிட்டால் அலுமினியத்தையும் பித்தளையையும் செம்பையும் அரிக்கும், மின்கம்பி இணைப்புகளுக்குள் நுழைந்தால் தொல்லைதான். தோலுக்குப் பெரிய கேடில்லை, கழுவிக்கொண்டால் போதும்.

இனி ஓய்வுக்காலத்துக்கு வருகிறேன். லாரிக்காரர் ஊற்றும் ஆட்ப்ளூ சில நாள்களில் தீர்ந்துவிடும். மோட்டார்ஹோம்காரர் ஊற்றுவது தொட்டியிலேயே குளிர்காலம் கழிக்கும். இந்தத் திரவத்துக்கு வயது உண்டு. 25 டிகிரிக்குள் இருந்தால் ஒன்றரை ஆண்டு, 30 டிகிரியில் ஓர் ஆண்டு, 35 டிகிரியில் ஆறு மாதம் என்பது தரநிலை சொல்லும் கணக்கு. ஸ்பெயினிலோ சிசிலியிலோ கோடை வெயிலில் நிற்கும் வண்டியின் பின்பெட்டிக்குள் கேனை வைத்தால், அது எந்தக் கணக்கிலும் அடங்காது. குளிரில் கெடுவதில்லை, -11 டிகிரியில் உறைந்து ஏழு சதவீதம்போலப் பருக்கும், இளகினால் பழையபடி ஆகிவிடும். யூரியா அளவை 32.5 என்று வைத்ததன் காரணமும் இதுதான்: அந்த விகிதத்தில்தான் உறைநிலை மிகக் கீழே போகிறது, உறையும்போதும் இளகும்போதும் கலவை பிரியாமல் ஒரே சீராக இருக்கிறது. வண்டித் தொட்டிக்குள் சூடேற்றி உண்டு, எஞ்சின் ஓடினால் இளக்கிக்கொள்ளும். விளிம்புவரை ஊற்றாமல் இருப்பது மட்டும் நம் வேலை.

கிடைக்குமா என்ற கவலை ஐரோப்பாவில் பெரும்பாலும் தேவையற்றது, ஆனால் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. யூரியாவுக்கு மூலம் அம்மோனியா, அம்மோனியாவுக்கு மூலம் இங்கே இயற்கை எரிவாயு. 2021 இலையுதிர் காலத்தில் எரிவாயு விலை ஏறியபோது ஐரோப்பிய ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. அதே அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியதும் தென் கொரியாவில் லாரி ஓட்டுநர்கள் இதற்காக வரிசையில் நின்றார்கள், ஆஸ்திரேலியாவிலும் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில் அந்த ஆண்டு இன்னொரு கூத்து: திரவம் கிடைத்தது, ஆனால் தொட்டிக்குள் இருக்கும் அளவு காட்டும் உணரி பழுதாகி, சிப் தட்டுப்பாட்டால் மாற்று உணரி கிடைக்காமல், பெரிய மோட்டார்ஹோம்கள் முழுத் தொட்டியோடு மாதக்கணக்கில் நின்றன.

இந்த ஆண்டு ஏப்ரலில், வண்டியை மூடுகொட்டகையிலிருந்து வெளியே எடுத்த அன்றே, அச்சான தேதி பார்த்து வாங்கிய கேனைச் சாய்த்து எட்டு லிட்டர் ஊற்றினேன். மீதி இரண்டு லிட்டரை மூடி இறுக்கி, தண்ணீர்க் குழாய்களுக்கு எதிர்ப்புறப் பெட்டியில் வைத்தேன். மனைவி கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து கீழ்ப்பட்டையில் ஊற்றினார். குளிரில் ஓரம் பிய்ந்திருந்த "யூரியா" சீட்டை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினோம்.